குளிர்காலக் களை: டெக்சஸ் அருகம்புல் தரைக்கு எந்த வழி?

ஜனவரி பிறந்துவிட்டால் டாலஸ் பக்கத்துத் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்ற ஆரம்பிக்கும். வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடக்கிற புல்தரை, நடுவே திட்டுத் திட்டாகப் பச்சை. கீழே ஒரு கேள்வி: "இதுக்கு என்ன மருந்து அடிக்கணும்?" பத்து நிமிடத்தில் பத்துப் பதில் வரும். ஒருவர் பேரிகேட் என்பார். ஒருவர் ரவுண்டப் என்பார். ஒருவர் மாதக் கட்டணத்துக்கு ஆள் வைத்துவிட்டதாகச் சொல்வார். கடைசியாக ஒருவர் வினிகர் பாட்டில் படத்தைப் போடுவார். பெரும்பாலான பதில்கள் ஏதோ ஒரு வீட்டுக்கு, ஏதோ ஒரு மாதத்துக்குச் சரியானவைதான். படம் போட்டவரின் வீட்டில் என்ன புல், அந்தப் பச்சைத் திட்டு என்ன செடி என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

என் வீட்டுப் புல் பெர்முடா. அம்மா முதல்முறை வந்தபோது கொல்லைப்பக்கம் குனிந்து ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏண்டா, இது நம்ம அருகம்புல்லுதானே? இதைத் தோண்டி எறியத்தானே உங்கப்பா ஆயுசெல்லாம் மாரடிச்சாரு. இதுக்கா தண்ணி ஊத்தி உரம் போடுற?" அம்மா சொன்னது தாவரவியல்படியும் சரி. பெர்முடா புல் என்பது நம் அருகம்புல் இனம்தான். கடைகளில் புல்பாளமாக விற்கும் உயர்ரக பெர்முடாவில் பல, அருகையும் அதன் ஆப்பிரிக்க உறவுப் புல் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியவை. கோவில்பட்டிப் பக்கம் பருத்திக் காட்டில் களையாக இருப்பது இங்கே பயிர். அந்தப் பயிர் குளிருக்குத் தூங்கும்போது நுழைகிற களைகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலும் வடக்கு டெக்சஸை மனதில் வைத்து எழுதுகிறேன். ஹூஸ்டன், ஆஸ்டின், அட்லாண்டாவில் இருப்பவர்கள் தேதிகளைக் கொஞ்சம் முன்பின் தள்ளிக்கொள்ளலாம்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் மாதம். ஹென்பிட், சிக்வீட், போவா அன்னுவா போன்ற குளிர்கால ஒருபருவக் களைகளுக்கு ஒரே வாழ்க்கைதான். மண்ணின் வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கும்போது முளைக்கும். குளிர் முழுக்கத் தரையோடு தரையாக வளரும். பிப்ரவரி, மார்ச்சில் பூத்து விதை கொட்டும். மே மாத வெயிலில் தானே கருகும். ஜனவரியில் நாம் பார்க்கும் செடி அக்டோபரிலேயே முளைத்தது. நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதனால் செப்டம்பரில் வேலை செய்யும் மருந்து ஜனவரியில் வெறும் தண்ணீர். ஜனவரியில் வேலை செய்வது ஏப்ரலில் வீண் செலவு.

இரண்டாவது, உங்கள் புல். டாலஸ் பக்கம் வெயில் விழும் தரைகளில் பெரும்பாலும் பெர்முடா. மரநிழல் உள்ள வீடுகளிலும் ஹூஸ்டன் பக்கமும் செயின்ட் அகஸ்டின்: அகலமான இலை, தரையில் ஓடும் தடித்த தண்டு. சில வீடுகளில் சோய்சியா. பெர்முடா தாங்கும் பல மருந்துகளை செயின்ட் அகஸ்டின் தாங்காது. தன் வீட்டுப் புல் என்னவென்று தெரியாதவர் மருந்துக் கடைக்குள் காலே வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவது, களை எந்த வகை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அகன்ற இலையா, புல் வகையா என்று தெரிந்தால் முக்கால் வேலை முடிந்தது. ஹென்பிட் நம் துளசி, கற்பூரவள்ளிக் குடும்பம். தண்டை விரலில் உருட்டினால் சதுரமாகத் தட்டுப்படும், ஊதாப் பூ பூக்கும். சிக்வீட் வெளிர்பச்சையாகப் படர்ந்து நட்சத்திரம்போல வெள்ளைப் பூ விடும். டேன்டலையன் மஞ்சள் பூ, ஆணிவேர், பல வருடம் வாழ்வது. போவா அன்னுவா புல் வகை. வெளிர்பச்சைக் கொத்து, தரையை ஒட்ட வெட்டினாலும் கதிர் தள்ளும் பிடிவாதம். கிள்ளி முகர்ந்தால் பூண்டு வாடை அடிப்பது காட்டுப் பூண்டு. அதற்கு அடியில் கிழங்கு உண்டு, இலையைப் பிடுங்கிப் பயனில்லை.

நான்காவது, தரையைச் சுற்றி என்ன இருக்கிறது. நம்மவர் வீடுகளில் இது சின்ன விஷயம் இல்லை. புல்லை ஒட்டியே கத்தரி, வெண்டை, தக்காளிப் பாத்தி இருக்கும். தொட்டியில் கறிவேப்பிலை இருக்கும். வெறுங்காலில் ஓடும் பிள்ளைகள், நாய், பெரிய ஓக் மரம் எல்லாமே கணக்கில் வரும்.

பணமும் நேரமும் ஐந்தாவது. அதை ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

## வழி 1: முளைக்கும் முன்பே தடுப்பது

ஊரில் நிலக்கடலை விதைத்த மூன்றாம் நாள் பெண்டிமெத்தலின் அடிப்பார்கள், நினைவிருக்கிறதா? அதே தத்துவம்தான். இங்கே புல்தரைக்கு அதிகம் விற்பது அதன் உறவுக்கார மருந்தான ப்ரோடயமின். பேரிகேட் என்ற பெயரில் தெரிந்தது, வேறு பெயர்களிலும் மலிவாகக் கிடைக்கும். அடுத்தது டைத்தியோபைர், டைமென்ஷன் என்ற பெயரில். மண்ணின் மேல்பரப்பில் மெல்லிய போர்வைபோலத் தங்கி, முளைக்கிற விதையின் வேர் நீளவிடாமல் செய்வதுதான் இவற்றின் வேலை. முளைத்துவிட்ட களையை ப்ரோடயமின் ஒன்றும் செய்யாது.

குளிர்காலக் களைகளில் போவா அன்னுவாவைப் பெரிய அளவில் பிடிக்க, சாதாரண வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஹென்பிட்டும் சிக்வீட்டும் கூடவே அடங்கும். அகன்ற இலைக் களைகளின் தொல்லை ரொம்ப அதிகமென்றால் ஐசோக்ஸாபென் என்ற இன்னொன்றைச் சேர்ப்பதுண்டு. டேன்டலையன், காட்டுப் பூண்டு மாதிரி வேரிலிருந்து மறுபடி எழுபவற்றிடம் இந்த வழி செல்லாது.

தேதிதான் எல்லாம். வடக்கு டெக்சஸில் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள். நம் காலண்டரில் சொன்னால், பிள்ளையார் சதுர்த்தி முடிந்து கொலுப்படி கட்டுவதற்குள் போட்டுவிட வேண்டும் என்று நான் வைத்திருக்கிறேன். பண்டிகைகள் சந்திரனைப் பார்த்து நகரும் என்பதால் சில வருடம் இந்தக் கணக்கு உதைக்கும். மண்ணில் செருகும் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வாங்கி வைத்துக்கொண்டால் சண்டையே இல்லை. காலையில் இரண்டங்குல ஆழத்தில் நான்கைந்து நாள் தொடர்ந்து 70-ஐ நெருங்கினால் போட்டுவிடுங்கள். எட்டிலிருந்து பத்து வாரம் கழித்து இரண்டாம் முறை போடுபவர்கள் உண்டு. அப்படியானால் முதல் முறையிலேயே முழு அளவையும் கொட்டக் கூடாது. வருடத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு லேபிளில் இருக்கும், அது புல்லுக்குப் புல் மாறும்.

போட்டபின் அரை அங்குலம் தண்ணீர் போக வேண்டும். புல்லில் ஒரு தட்டையான டப்பாவை வைத்து ஸ்ப்ரிங்க்ளரை ஓடவிட்டுப் பார்த்தால் அரை அங்குலத்துக்கு எத்தனை நிமிடம் என்று தெரிந்துவிடும். டாலஸ் நகர எல்லைக்குள் 2012-இலிருந்து ஸ்ப்ரிங்க்ளருக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் அனுமதி. உங்கள் முறை வரும் நாளுக்கு முந்தின நாள் போடுவது புத்திசாலித்தனம். மழை வருமென்று நம்பலாம், ஆனால் மிதமான மழையாக இருக்க வேண்டும். கொட்டித் தீர்த்தால் போட்ட காசு வடிகாலில் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவுகள்:

தூள் வடிவ ப்ரோடயமின் ஐந்து பவுண்டு டப்பாவாகத்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். லேபிளின் உச்சவரம்புக்குள் நின்றால், ஐயாயிரம் சதுர அடித் தரைக்கு வருடம் இரண்டு முறை போட்டாலும் நான்கு அவுன்ஸ் சொச்சம்தான் ஆகும். டப்பாவில் இருப்பது எண்பது அவுன்ஸ். சிக்கல் அளப்பதில் இருக்கிறது. கிராம் காட்டும் தராசு வேண்டும், தரையின் பரப்பு தெரிய வேண்டும், ஸ்ப்ரேயரோடு ஒரே வேகத்தில் நடக்கத் தெரிய வேண்டும். இதெல்லாம் ஆகாதென்றால் குருணை வடிவத்தில் வாங்கி ஸ்ப்ரெடரில் தள்ளுங்கள். விலை கூடும், தலைவலி குறையும். தராசும் ஸ்பூனும் மறுபடி சமையலறைக்குள் போகக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

அப்புறம், இந்தக் கரைசல் மஞ்சள். சிமெண்ட் நடைபாதையில் பட்டு உடனே கழுவாவிட்டால் கறை நிற்கும். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு போன ஒரு நாளை நான் இன்னும் மறக்கவில்லை.

பெரிய செலவு வேறொன்று. வேரைத் தடுக்கும் மருந்துக்கு நல்ல விதை, கெட்ட விதை தெரியாது. புதிதாகப் பதித்த புல்பாளம் வேர் பிடிக்காது. அடுத்த சில மாதங்களுக்குப் புல் விதைத்தாலும் முளைக்காது. 2021 பிப்ரவரி உறைபனிப் புயலில் டெக்சஸ் முழுக்கப் பல வீடுகளில் செயின்ட் அகஸ்டின் செத்துப்போனது. அப்படி வழுக்கை விழுந்த இடத்தை ஓடுதண்டு பரவி மூட வேண்டுமென்றால், அந்த வருடம் அங்கே இந்த மருந்து வேண்டாம். தண்டின் கணுக்கள் மண்ணில் வேர்விடுவதை இது மந்தமாக்கும். கீரை விதைக்கிற பாத்தி சரிவின் கீழ்ப்பக்கம் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தெற்கு மாநிலங்களில் இந்த வகை மருந்துக்கு மசியாத போவா அன்னுவா ஏற்கனவே உருவாகிவிட்டது. இரண்டு வருடம் ஒழுங்காகப் போட்டும் போவா மட்டும் சிரித்துக்கொண்டு நிற்கிறதென்றால் அளவைக் கூட்டாதீர்கள், மருந்தின் வகையை மாற்றுங்கள்.

## வழி 2: முளைத்தபின் தெளிப்பது

செப்டம்பரைத் தவறவிட்டவர்களுக்கானது. அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி, டைகாம்பா, எம்சிபிபி மூன்றும் கலந்த மருந்து எல்லாக் கடையிலும் கிடைக்கும். 2,4-டி நம் ஊர் நெல், கரும்பு விவசாயிக்கும் பழக்கமானதுதான். புல்லை விட்டுவிட்டு அகன்ற இலையை மட்டும் தாக்கும். ஆகவே புல் வகையான போவா அன்னுவாவை இது தொடாது. வாட்ஸ்அப்பில் வரும் "மருந்து அடிச்சேன், ஒண்ணும் ஆகல" புகார்களில் பாதி இதனால்தான் என்று அடித்துச் சொல்வேன்.

நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, செடி சின்னதாக இருக்கும்போது அடிக்க வேண்டும். பகல் வெப்பம் 55 டிகிரியாவது இருக்கும் நாள், காற்று இல்லாத காலை, அடுத்த நாள் மழை இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடுங்குளிரில் அடித்தால் செடி உறிஞ்சாது. மார்ச்சில் புல் தூக்கம் கலைந்து பச்சை விடும் அந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் அடிக்கவே கூடாது. களையோடு புல்லும் அடி வாங்கும். செயின்ட் அகஸ்டின் 2,4-டிக்கு எப்போதுமே கொஞ்சம் சுணங்கும். லேபிளில் உங்கள் புல்லின் பெயர் இருக்கிறதா, அதற்கென்று தனி அளவு சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த வழியே முதல் தேர்வாக வேண்டிய இடம் ஒன்று உண்டு: பர்வீட். ஹூஸ்டன், கிழக்கு டெக்சஸ், ஜார்ஜியாப் பக்கம் அதிகம். குளிர்காலத்தில் கொத்தமல்லி மாதிரி அப்பாவியாகப் படர்ந்திருக்கும். வசந்தத்தில் பிள்ளைகள் காலில் நெருஞ்சிபோலக் குத்தும். முள் வந்தபிறகு செடியைக் கொன்றாலும் முள் அங்கேயே கிடக்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் அடித்தால்தான் அடித்ததாகக் கணக்கு.

மறைந்திருக்கும் செலவில் முதலில் வருவது தக்காளி. 2,4-டியின் சாரல் பட்டாலே தக்காளி இலை சுருண்டு திரும்பும். டைகாம்பா மண்ணில் நகர்ந்து மர வேருக்குப் போகக்கூடியது என்பதால் மரக்கிளை பரவிய எல்லைக்குள் அதைக் கொட்டுவது நல்லதில்லை. வெட்டிய புல்லைக் காய்கறிப் பாத்திக்கு மூடாக்காகப் போடும் பழக்கம் இருந்தால், மருந்தடித்தபின் லேபிள் சொல்லும் காலம்வரை அதை நிறுத்த வேண்டும். உடல்நலத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015-இல் 2,4-டியை "புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்பிருக்கலாம்" என்ற பிரிவில் சேர்த்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு அதை இன்னும் அனுமதிக்கிறது. நான் கையுறை போட்டுக்கொண்டு, களை இருக்கும் இடத்தில் மட்டும் கைஸ்ப்ரேயரால் அடிக்கிறேன். தரை முழுக்க அடித்ததில்லை.

செயின்ட் அகஸ்டினுக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லியைப் பரிந்துரைப்பார்கள். போவாவையும் அகன்ற இலையையும் சேர்த்துப் பிடிக்கும் என்பது உண்மை. நிலத்தடி நீரில் இறங்கும் என்பதும் உண்மை. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இலேயே அதற்கு அனுமதி மறுத்தது. கிணறோ ஓடையோ பக்கத்தில் இருந்தால் நான் தொடமாட்டேன்.

உரமும் களைக்கொல்லியும் கலந்த மூட்டை பற்றி ஒரு வார்த்தை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்றுதான் நானும் ஒரு பிப்ரவரியில் வாங்கினேன். களைக்கு மருந்து கொடுக்க ஏற்ற நேரத்தில் பெர்முடா தூங்கிக்கொண்டிருக்கிறது. தூங்குகிறவனுக்குச் சோறு ஊட்டினால் பக்கத்தில் விழித்திருப்பவன்தான் சாப்பிடுவான். மிஞ்சிய ஹென்பிட் அந்த வருடம் முழங்கால் உயரம் வளர்ந்தது. புல்லுக்கு உரம் தேவைப்படும் ஏப்ரல், மே மாதங்களில் குளிர்காலக் களைக்கு மருந்தே தேவையில்லை. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது விற்பவருக்குத்தான் வசதி.

## வழி 3: தூங்கும் பெர்முடா மேல் கிளைபோசேட்

கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் முறையாகச் செய்தால் வேலை செய்யும். ரவுண்டப் என்ற பெயரில் பிரபலமான கிளைபோசேட் பச்சை இலை வழியாகத்தான் உள்ளே போகும். பெர்முடா முழுக்கக் காய்ந்து தூங்கும்போது அதில் பச்சை இல்லை, களையில் மட்டும்தான் உண்டு. போவா, ஹென்பிட், சிக்வீட் எல்லாம் ஒரே அடியில் போகும். செலவும் குறைவு.

நிபந்தனை ஒன்றுதான், அதுவும் கடுமையானது: புல் முழுக்கத் தூங்க வேண்டும். மேலே பார்த்தால் போதாது. மண்டியிட்டு, காய்ந்த புல்லை விலக்கி, அடியில் ஓடும் தண்டைப் பாருங்கள். ஒரு பச்சை மொட்டு தெரிந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். டாலஸில் ஜனவரியில் சில வாரம் இந்த வாய்ப்பு அமையும். பிப்ரவரியில் நான்கு நாள் வெயிலடித்தால் முடிந்தது. ஹூஸ்டனில் பல வருடம் புல் முழுக்கத் தூங்குவதே இல்லை. செயின்ட் அகஸ்டினுக்கும் சோய்சியாவுக்கும் இந்த வழி கிடையாது.

பாட்டில் முகப்பில் இருக்கும் பெயரை நம்ப வேண்டாம். ரவுண்டப் பெயரில் இப்போது வீட்டு உபயோகத்துக்கு விற்கும் பலவற்றில் கிளைபோசேட்டே இல்லாமல் வேறு மருந்துகள் இருக்கின்றன. சிலவற்றில் மாதக்கணக்கில் மண்ணில் தங்குவதும் கலந்திருக்கும். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியல்தான் கணக்கு. கிளைபோசேட்டைப் பற்றிய விவாதம் தெரிந்ததே: 2015-இல் அதே புற்றுநோய் ஆய்வு அமைப்பு "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்" என்றது, அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு வாய்ப்பில்லை என்கிறது. வீட்டில் இதைப் பற்றி இரண்டு கருத்து இருந்தால் இந்த வழியை விட்டுவிடுவது குடும்பத்துக்கு நல்லது. நான் ஒரே ஒருமுறை, பின்கொல்லையில் ஒரு மூலையில் மட்டும் செய்தேன். பலித்தது. ஏப்ரல் வரை தினமும் காலையில் போய் அந்த மூலை பச்சை விடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிம்மதிக்கேட்டையும் செலவில் சேர்க்க வேண்டும்.

## வழி 4: கையும் மோவரும்

அம்மா இருந்த ஆறு மாதம் எங்கள் வீட்டில் களையே இல்லை. இட்லிக்கு ஊறப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் ஒரு வாளி. "கையால எடுத்தா மருந்து எதுக்கு?" என்பார். உண்மைதான், கை இருக்கும்வரை.

டாலஸ் பக்கத்துக் கருமண் நம் கரிசலின் அண்ணன் தம்பி. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் செருப்பை விடாது. மழை பெய்த மறுநாள் அல்லது அதற்கு அடுத்த நாள், மண் பதமாக இருக்கும்போது ஹென்பிட்டும் போவாவும் வேரோடு வந்துவிடும். டேன்டலையனுக்கு நீளமான களைக்கொத்து வேண்டும். ஆணிவேர் பாதியில் முறிந்தால் அது திரும்ப வரும். காட்டுப் பூண்டுக்குக் கிழங்கோடு தோண்ட வேண்டும். பர்வீடை முள் வருமுன் எடுத்துவிடுங்கள்.

இரண்டாயிரம் சதுர அடிக்குள் தரை, களை ஆங்காங்கே என்றால் இதுதான் சிறந்தது என்பேன். புதுப் புல் பதித்தவர்கள், பாத்தி நிறைய வைத்திருப்பவர்கள், கைக்குழந்தை தவழும் வீடு எல்லாவற்றுக்கும் இதுவே. தரை முழுக்கக் களை பாய் விரித்த மாதிரி இருந்தால் கையால் ஆகாது. இடுப்பு வலிக்கு மருத்துவரிடம் தரும் பணம் மருந்துச் செலவைத் தாண்டிவிடும்.

மோவரை யாரும் களை ஆயுதமாக நினைப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் களை பூக்கத் தொடங்கும்போது புல் வளரவில்லையே என்று மோவரை உள்ளேயே வைத்திருப்போம். வெளியே எடுத்து, பை மாட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டினால் அடுத்த வருடத்து விதையில் பெரும்பங்கு பையில் போய்விடும். போவா மட்டும் இதற்கும் தப்பிக்கும், தரையை ஒட்டியே கதிர் விடுவதால். கோடையில் பெர்முடாவை ஒன்றிரண்டு அங்குலத்திலும் செயின்ட் அகஸ்டினை மூன்று அங்குலத்துக்கு மேலேயும் வைத்து அடர்த்தியாக வளர்த்திருந்தால் களை விதைக்கு வெயிலே கிடைக்காது. 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று கல்யாணத்தில் வாழ்த்துவதை அருகு இங்கேயும் காப்பாற்றும், நாம் கெடுக்காமல் இருந்தால். நவம்பரில் ஸ்ப்ரிங்க்ளரை அணைக்காமல் விடுவதுதான் பெரிய கெடுதல். தூங்கும் புல்லுக்குத் தண்ணீர் அவ்வளவாக வேண்டாம். ஈரத்தைக் குடிப்பது போவாதான்.

## வழி 5: மேலே ரை புல் விதைப்பது

குளிர்காலத்திலும் பச்சை வேண்டும் என்பவர்களுக்கு. அக்டோபரில் பெர்முடாவை ஒட்ட வெட்டி, மேலே ரை விதை தூவினால் அது அடர்ந்து களைக்கு இடம் கொடுக்காது. ஆனால் முளைக்கும்வரை தினம் தண்ணீர், குளிர் முழுக்க மோவர், வசந்தத்தில் ரை சாகாமல் பெர்முடாவை அழுத்தும் தொல்லை எல்லாம் கூடவே வரும். வழி 1-ஐயும் இதையும் ஒரே வருடம் செய்ய முடியாது. செயின்ட் அகஸ்டினுக்கு வேண்டவே வேண்டாம். வீட்டை விற்கப் போகிறீர்கள், ஜனவரியில் படம் எடுக்க வேண்டும் என்றால் செய்யலாம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

## மக்காச்சோளக் குளூட்டனும் வினிகரும்

இயற்கை வழி கேட்பவர்களுக்கு இரண்டும் சொல்லப்படும். மக்காச்சோளக் குளூட்டன் மாவு முளைப்பதைத் தடுக்கும் என்று அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நிக் கிறிஸ்டியன்ஸ் கண்டுபிடித்து 1991-இல் காப்புரிமை வாங்கினார். ஆயிரம் சதுர அடிக்கு இருபது பவுண்டு வேண்டும். ஐயாயிரம் சதுர அடிக்கு நூறு பவுண்டு மாவு! அதில் சுமார் பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன். தூங்கப் போகும் பெர்முடாவுக்கு இலையுதிர் காலத்தில் அவ்வளவு நைட்ரஜன் தேவையில்லை, தப்பிய களைக்குத்தான் விருந்து. விளைவும் இடத்துக்கு இடம் மாறுகிறது. வினிகர், சமையலறையில் இருக்கும் ஐந்து சதவீதம், இலையைக் கருக்கும். வேர் அப்படியே இருக்கும். இருபது சதவீத வினிகர் கண்ணில் பட்டால் கண் போகும். சிமெண்ட் விரிசலில் முளைப்பதற்கு வினிகர் போதும். தரைக்கு வேண்டாம்.

## ஆள் வைத்துச் செய்வது

நேரம் இல்லாதவர்களுக்கு நியாயமான வழி. டெக்சஸில் காசு வாங்கிக்கொண்டு மருந்தடிப்பவருக்கு மாநில வேளாண்மைத் துறை உரிமம் வேண்டும், அதைக் கேளுங்கள். கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: குளிர்காலத் தடுப்பு மருந்து எந்தத் தேதியில், என்ன மருந்து? எங்கள் வீட்டுக்கு ஒருமுறை வந்தவர்கள் நவம்பர் மூன்றாம் வாரம் தடுப்பு மருந்து அடித்துவிட்டுக் கதவில் ரசீது தொங்கவிட்டுப் போனார்கள். அவர்கள் சுற்றில் எங்கள் தெரு அப்போதுதான் வந்ததாம். களைகள் ஆறு வாரக் குழந்தைகளாகக் கீழே படுத்திருந்தன. தேதியை எழுத்தில் தராதவர்களிடம் வருட ஒப்பந்தம் போடாதீர்கள்.

## ஒன்றும் செய்யாமல் விடுவது

இதுவும் ஒரு வழிதான். மே மாதம் எல்லாம் தானே காயும். பிப்ரவரியில் வேறு பூ இல்லாத நேரத்தில் தேனீக்கள் வருவது ஹென்பிட்டுக்குத்தான். ஒரு வருடம் நான் விட்டும் பார்த்தேன். மார்ச்சில் குடியிருப்புச் சங்கத்திலிருந்து படத்தோடு கடிதம் வந்தது, பத்து நாள் கெடு. அது போகட்டும். அடர்ந்த ஹென்பிட்டின் அடியில் பெர்முடா மூன்று வாரம் தாமதமாகத்தான் எழுந்தது. களை காய்ந்த இடம் வெற்றுமண்ணாக நின்று, கோடைக் களைக்குப் பாத்தி கட்டிக் கொடுத்தது. களை கொஞ்சம், கேட்க ஆள் இல்லை என்றால் விடலாம். பின்கொல்லையில் தாராளமாக விடலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | மாதம் | போவா அன்னுவா | அகன்ற இலை | எங்கே இடிக்கும் |
|---|---|---|---|---|
| முளைக்குமுன் தடுப்பு | செப்டம்பர் நடு – அக்டோபர் தொடக்கம் | பிடிக்கும் | ஒருபருவக் களைகளை மட்டும் | புதுப் புல், விதைப்பு, கீரைப் பாத்தி |
| மூன்று மருந்துக் கலவை | நவம்பர் கடைசி – பிப்ரவரி | தொடாது | நன்றாகப் பிடிக்கும் | தக்காளி, மரவேர், செயின்ட் அகஸ்டின் |
| கிளைபோசேட் | ஜனவரி, தூங்கும் பெர்முடா மட்டும் | பிடிக்கும் | பிடிக்கும் | ஒரு பச்சை மொட்டு தப்பினாலும் வழுக்கை |
| கை, மோவர் | நவம்பர் – மார்ச் | கையால் முடியும் | முடியும் | இடுப்பு, நேரம் |
| ரை புல் | அக்டோபர் | ஓரளவு | ஓரளவு | தண்ணீர், வசந்தத் தாமதம் |
| விட்டுவிடுவது | – | – | – | சங்கக் கடிதம், அடுத்த வருட விதை |

## இன்று என்ன மாதம்?

செப்டம்பர் என்றால், புல் நன்றாக மூடியிருக்கிற தரைக்கு ப்ரோடயமின். தப்பி வருவதைக் கையால். என் வீட்டில் இப்போது இதுதான் நடக்கிறது, மூன்றாவது வருடமாக.

நவம்பர், டிசம்பர் என்றால் தடுப்பு மருந்து வாங்காதீர்கள். களை அகன்ற இலையா என்று பார்த்து, இருக்கும் இடத்தில் மட்டும் தெளியுங்கள். அடையாளம் தெரியவில்லையா, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் வேளாண் விரிவாக்க அலுவலகம் பெரும்பாலான கவுண்டிகளில் உண்டு. படத்தைக் காட்டிக் கேட்கலாம்.

ஜனவரியில் போவா மட்டும் நிறைய, புல் பெர்முடா, முழுத் தூக்கம் என்றால் கிளைபோசேட்டை யோசிக்கலாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் மழைக்குக் காத்திருந்து கையால் எடுங்கள்.

மார்ச், ஏப்ரலில் இதைப் படிக்கிறீர்களா? எதையும் வாங்க வேண்டாம். மோவருக்குப் பை மாட்டுங்கள். அப்படியே தரையை ஒருமுறை நீள அகலம் அளந்து எழுதி வையுங்கள், செப்டம்பரில் தேடுவீர்கள்.

எந்த மருந்து அடித்தாலும் அந்தத் தரையின் அருகைச் சாறு பிழியவோ, சதுர்த்திக்கு மாலை கட்டவோ எடுக்காதீர்கள். அம்மா ஊருக்குத் திரும்புமுன் வேலியோரத்தில் ஒரு பிடியைத் தோண்டிப் பெயின்ட் வாளியில் நட்டுவிட்டுப் போனார். எங்கள் பிள்ளையாருக்கு அதிலிருந்துதான்.